பை-டூ காபியும் ஓய்வூதியமும்: ஓர் அன்றாட இன்பத்தின் வரலாறு

பெங்களூருவின் பழைய சிற்றுண்டிச்சாலைகளில் 'பை-டூ' என்றொரு சொல் வழங்குகிறது. ஒரு காபியை இரண்டு குவளைகளில் பகிர்ந்து தருமாறு கேட்பதற்கான சொல் அது. 'ஒன் பை டூ' என்னும் ஆங்கிலப் பின்னக் கணக்கு கன்னடர் நாவில் தேய்ந்து, ஒரு நகரத்தின் பழக்கத்துக்கே பெயராகிவிட்டது. காலையில் லால்பாக் தோட்டத்தில் நடந்துவிட்டு வரும் ஓய்வுபெற்ற நண்பர்களிடம் இச்சொல்லை அடிக்கடி கேட்கலாம். நால்வர் வந்தால் இரண்டு பை-டூ. சர்க்கரை நோய்க்கு அரைக் குவளையே போதும் என்பது ஒரு காரணம். செலவு பாதியாகும் என்பது மற்றொன்று. இவ்விரண்டில் எது முதற்காரணம் என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை.

இக்காட்சியை முதுமையின் இயல்பு என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். வேலை முடிந்தது, பொழுது கிடைத்தது, நண்பர்கள் கூடினார்கள். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால், இந்தச் சிறிய இன்பம் நிகழ மூன்று ஏற்பாடுகள் ஒன்றுகூட வேண்டும். வேலை ஒரு குறித்த வயதில் முடிய வேண்டும். முடிந்த பின்னரும் மாதந்தோறும் பணம் வர வேண்டும். சிறு தொகைக்கு நெடுநேரம் உட்கார ஓரிடம் வேண்டும். இம்மூன்றும் காலனிய ஆட்சியிலும் அதற்குப் பின்னரும் உருவானவை. சட்டத்தாலும் வழக்காலும் போராட்டத்தாலும் வடிவம் பெற்றவை. ஆகவே இவற்றுக்கு வரலாறு உண்டு, இழப்பும் உண்டு.

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். கன்னடத்தில் பணி ஓய்வுக்கு 'நிவிருத்தி' என்று பெயர். இந்தியில் ஓய்வுபெற்றவர் 'சேவாநிவிருத்த'. வடமொழி மரபில் பிரவிருத்தி என்பது உலகச் செயல்களில் ஈடுபடுதல்; நிவிருத்தி என்பது அவற்றிலிருந்து விலகித் திரும்புதல். துறவு நெறிக்கு உரிய ஒரு சொல்லை அலுவலக ஆணைகள் எடுத்துக்கொண்டன. தமிழ் 'ஓய்வு' என்று எளிமையாகச் சொல்லி நின்றது. சொல்லின் பழம்பொருள் எதுவாயினும், ஓய்வூதியர்கள் அதன்படி நடக்கவில்லை. வானப்பிரஸ்தம் காட்டைக் காட்டியது. அவர்கள் பூங்காவுக்குப் போனார்கள். உறவுகளை அறுப்பதற்குப் பதிலாக, அலுவலகத்தில் நேரமில்லாமல் விடுபட்ட நட்புகளைத் தொடர்ந்தார்கள்.

குறித்த வயதில் ஓய்வு என்பது அரசு அலுவலகம் தந்த கருத்து. உழவருக்கோ நெசவாளருக்கோ அத்தகைய தேதி இருந்ததில்லை; உடல் தளரும்வரை வேலை, அதன்பின் பிள்ளைகளின் வீடு. மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது 1962இல் 55இலிருந்து 58ஆகவும், 1998இல் 60ஆகவும் உயர்ந்தது. இதற்கிடையே ஆயுளும் நீண்டது. 1941-51 பத்தாண்டில் இந்தியரின் பிறப்புக்கால எதிர்பார்ப்பு ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70ஐ ஒட்டி நிற்கிறது. குழந்தை இறப்பு குறைந்ததே இவ்வுயர்வின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பதை மறக்கக் கூடாது. ஆயினும், ஓய்வுக்குப் பின் இருபது ஆண்டு வாழ்வது பலருக்கும் வழக்கமானது புதிய நிலைமைதான்.

அந்த இருபது ஆண்டுகளை நடத்தப் பணம் வேண்டும். 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், அரசு தரும் ஓய்வூதியம் குறித்துக் குடியியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பதைப் பெரும்பாலும் தடுத்தது. அதாவது, கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கும் கொடையாகவே அது கருதப்பட்டது. இப்பார்வையை உச்ச நீதிமன்றம் 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் மறுத்தது. அதைவிடப் பரவலாக அறியப்பட்டது, 1982 டிசம்பர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு டி.எஸ். நகாரா வழக்கில் வழங்கிய தீர்ப்பு. 1979 மார்ச் 31ஐ எல்லையாக வைத்து, அதற்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்கு மேம்படுத்தப்பட்ட கணக்கீட்டை அரசு மறுத்திருந்தது. ஓய்வூதியர் அனைவரும் ஒரே வகுப்பினர். ஒரு தேதியால் அவர்களைப் பிரிக்க முடியாது என்றது நீதிமன்றம். செய்த உழைப்புக்கு உரிய ஊதியமே முதுமையில் தன்மானத்தோடு வாழ உதவுகிறது என்பது அத்தீர்ப்பின் உட்கிடை. டிசம்பர் 17ஐ இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். நண்பனின் காபிக்குத் தன் சட்டைப்பையிலிருந்து காசு கொடுக்கும் முதியவரின் பின்னால் இந்தத் தீர்ப்பும் நிற்கிறது. மகனிடம் கேட்டு வாங்கிய பணத்தில் நண்பரை உபசரிப்பது வேறு. தன் பணத்தில் உபசரிப்பது வேறு.

மூன்றாவது ஏற்பாடு, இடம். இதில் பெங்களூரு நல்வாய்ப்புப் பெற்ற நகரம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், மிதமான வெயில், 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக், 1870இல் உருவான கப்பன் பூங்கா, பிளேக் நோய்க்குப் பின் 1898ஐ ஒட்டி விரிந்த பசவனகுடி, மல்லேசுவரம் குடியிருப்புகள். 'ஓய்வூதியர்களின் சொர்க்கம்' என்ற பட்டப்பெயர் இப்பின்னணியில்தான் ஒட்டிக்கொண்டது. கன்னட எழுத்தாளர் மாஸ்தி வேங்கடேச ஐயங்கார் (1891-1986) இந்த வாழ்வுக்கு நல்ல சான்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு பிறந்து கன்னடச் சிறுகதைக்கு வழிவகுத்த அவர், 1940களில் மைசூர் அரசுப் பணியிலிருந்து விலகினார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவர் பசவனகுடி மன்றத்துக்குச் சென்று நண்பர்களோடு சீட்டாடுவதைத் தவறவிடாதவர் என்பது அந்நகரத்தார் இன்றும் சொல்லும் செய்தி. பின்னாளில் ஞானபீட விருது பெற்ற 'சிக்கவீர ராஜேந்திர' நாவல் 1956இல், அதாவது பணி விலகிய பின்னரே வெளிவந்தது. சீட்டாட்டமும் நாவலும் ஒரே ஓய்வில் இடம்பெற்றன.

மன்றத்தில் உறுப்பினராக வசதியில்லாதோருக்குக் காபிக்கடை இருந்தது. இங்கே பெங்களூரின் கதை நாட்டின் கதையோடு சேர்கிறது. காபி விற்பனையைப் பெருக்க, 1936இல் பம்பாயில் முதல் இந்தியா காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. கல்கத்தாவின் ஆல்பர்ட் ஹாலில் 1942இல் காபிக்கடை வந்தது. 1950களில் காபி வாரியம் இக்கடைகளை மூடத் தலைப்பட்டபோது, பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழிகாட்டலில் ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் சங்கம் தோன்றியது. அக்டோபரில் தில்லியில் கூட்டுறவுக் காபி ஹவுஸ் திறந்தது. ஒரு குவளை காபிக்கு இரண்டு மணிநேரம் உட்காரவிட்ட பண்பாடு, தம் வேலையைக் காப்பாற்றப் போராடிய பரிமாறுவோரின் கொடை. ஓய்வுபெற்ற எழுத்தர்கள் அங்கே பேசிக் கழித்த மாலைகளுக்கு, இன்னும் ஓய்வுபெறாத தொழிலாளர்கள் இடம் தந்தார்கள்.

இந்த இன்பத்தில் பங்கு பெறாதவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். மேசையைச் சுற்றி அமர்ந்தவர் பெரும்பாலும் ஆண்கள். கணவருக்கு 58 வயதில் ஓய்வு வந்தது; மனைவிக்குச் சமையலறையிலிருந்து எந்த ஆணையும் ஓய்வு தரவில்லை. 1964இல் மத்திய அரசு கொண்டுவந்த குடும்ப ஓய்வூதியம் கைம்பெண்களுக்குப் பணம் தந்தது. மேசையில் நாற்காலியைத் தரவில்லை. அமைப்புசாராத் தொழிலாளரின் நிலை இன்னும் கடினம். தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையுள்ளோருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். மாநிலங்கள் அதற்குமேல் சேர்த்துத் தருகின்றன. தொழிலாளர் வைப்புநிதி சார்ந்த 1995ஆம் ஆண்டுத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1,000 ரூபாய். ஒரே பூங்கா இருக்கையில் அமரும் மூன்று நண்பர்களின் வரவு இவ்வளவு வேறுபடக்கூடும். அந்த வேறுபாட்டை வெளிக்காட்டாமல் மூடிவைக்கும் நாகரிகம் பை-டூவுக்கு உண்டு.

இப்போது மூன்று ஏற்பாடுகளும் தளர்கின்றன. 1980களில் பெங்களூரில் பரவத் தொடங்கிய தர்சினிகள் விலை மலிவையும் தூய்மையையும் தந்தன; நாற்காலியை எடுத்துவிட்டன. நின்றுகொண்டே உண்டு கிளம்புவது அவற்றின் முறை. மூட்டுவலியுள்ள நண்பர்களால் அங்கே நெடுநேரம் பேச முடியாது. மகாத்மா காந்தி சாலையின் காபி ஹவுஸ் 2009இல் அவ்விடத்தை விட்டுச் சர்ச் தெருவுக்கு மாறியது. 2004 ஜனவரி 1க்குப் பின் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு (படைத்துறை நீங்கலாக) உறுதியான தொகைக்குப் பதிலாகச் சந்தையைச் சார்ந்த திட்டம் வந்தது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த திட்டம் அந்த உறுதியை ஓரளவு மீட்க முயல்கிறது. நவம்பர்தோறும் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வங்கிக்குப் போவது பலருக்குப் பழைய முகங்களைக் காணும் நாளாகவும் இருந்தது. 2014இல் வந்த மின்னணுச் சான்று, நடக்க இயலாதோருக்குப் பெரும் உதவி; அந்தச் சந்திப்பு மட்டும் கணக்கில் வரவில்லை.

முதியோர் நலன் குறித்த நம் ஆய்வுகள் நோயையும் வருமானத்தையும் அளக்கின்றன, அளக்கத்தான் வேண்டும். அவற்றோடு, ஒருவர் வாரத்தில் எத்தனை நாள் நண்பரைப் பார்க்க வெளியே போகிறார், போனால் எங்கே உட்காருகிறார் என்னும் வினாவையும் சேர்க்கலாம். நிழலில் ஓர் இருக்கை, கட்டணமில்லாக் காலை நடை, அவசரப்படுத்தாத ஒரு கடை, சொந்தக் கையில் கொஞ்சம் பணம். சிறியவைபோல் தோன்றும் இவை ஒவ்வொன்றையும் யாரோ கேட்டுப் பெற்றிருக்கிறார்கள். நமக்கு அறுபது ஆகும்போது எவை எஞ்சியிருக்கும் என்பது, இப்போது நாம் எவற்றைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.