பணயத் தொகையும் சட்டமும்: தமிழ்நாட்டில் ரம்மி, போக்கர் வழக்குகளின் வரலாறு

காசு வைத்து ஆடும் எந்த ஆட்டத்திலும் இரண்டு கேள்விகள் உள்ளன. வெற்றியைத் தருவது திறமையா, குருட்டு வாய்ப்பா என்பது ஒன்று. எவ்வளவு பணம் வைத்து ஆடுவது என்பது மற்றொன்று. தமிழ்நாட்டின் சட்ட வரலாறு நெடுங்காலம் முதல் கேள்வியையே விவாதித்து வந்தது. குடும்பங்களைப் பாதித்த இரண்டாவது கேள்வி மிகத் தாமதமாகவே சட்டத்துக்குள் வந்தது. வரம்பற்ற போக்கரில் இவ்விரண்டு கேள்விகளையும் பிரிக்க முடியாது என்பதே சிக்கலுக்குக் காரணம்.

கிண்டிக் குதிரைப் பந்தயம்

சென்னை நகருக்கு 1888ஆம் ஆண்டின் காவல் சட்டமும், மாகாணத்தின் பிற பகுதிகளுக்கு 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் பொருந்தின. இரண்டுமே திறமையால் மட்டும் ஆடப்படும் ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தன. பிற்காலத்து வழக்குகள் பலவும் இந்த விலக்கிலிருந்தே கிளைத்தன.

கோட்டூர்புரத்துக்கு அருகிலுள்ள கிண்டியில் குதிரைப் பந்தயங்களை நடத்திவந்த சென்னைப் பந்தய மன்றம் 1896இல் அமைக்கப்பட்டது. பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு 1974இல் சட்டம் இயற்றியது. கே. ஆர். லட்சுமணன் தொடுத்த வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, அதை ஓட்டுபவரின் ஆற்றல் ஆகியவற்றைக் கணித்தே பணம் கட்டப்படுவதால், அது திறமை சார்ந்தது என்று நீதிமன்றம் கூறியது. கட்டப்படும் தொகையின் அளவு அங்கே முக்கியக் கேள்வியாக எழவில்லை.

ரம்மி

ரம்மி பற்றிய அடிப்படைத் தீர்ப்பு ஐதராபாத் சூதாட்டச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கில் 1967 நவம்பர் 22 அன்று வந்தது. விழும் சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்வதும் திறமை. ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்று சீட்டு போன்ற ஆட்டங்களை அது வேறாகவே வைத்தது. ஆனால் பணயத்திலிருந்து மன்றம் ஆதாயம் எடுத்தால் குற்றமாகலாம் என்றும் குறிப்பிட்டது.

இந்தக் குறிப்பு சென்னையில் பின்னர் பெரிதாக வளர்ந்தது. மன்றம் ஒன்றின் வழக்கில், பணம் வைத்து ரம்மி ஆடினால் காவல்துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. 2015இல் மூல மனுவே திரும்பப் பெறப்பட்டதால், அத்தீர்ப்பின் கருத்துகள் நிலைக்கவில்லை.

போக்கரில் பணயமே ஆயுதம்

ரம்மியில் ஆட்டம் தொடங்குமுன் பணயம் முடிவாகிவிடும். அதன்பின் சீட்டுகளே பேசும். போக்கரில் ஒவ்வொரு சுற்றிலும் தொகையை உயர்த்தலாம். வரம்பற்ற வகையில், கையிலுள்ள முழுத் தொகையையும் ஒரே முறையில் வைக்கலாம்.

நடுவில் 100 ரூபாய் சேர்ந்திருப்பதாகக் கொள்வோம். எதிராளி 50 ரூபாய் வைத்தால், நாம் 50 கொடுத்து 150ஐ வெல்ல முயல்கிறோம். நான்கில் ஒரு முறை வென்றால் நட்டமில்லை. அவர் 100 வைத்தால் மூன்றில் ஒரு முறையாவது வெல்ல வேண்டும். அதாவது, தொகையைக் கூட்டியும் குறைத்தும் ஒருவர் எதிராளியின் கணக்கை மாற்றுகிறார். சிறு தொகை மேசைகளில் பலரும் எளிதில் சீட்டைக் கைவிடுவதில்லை. ஆகவே அங்கே பொய்யாக மிரட்டுவதைக் குறைத்து, நல்ல சீட்டுக்குப் பெருந்தொகை வைப்பதே ஆடுவோரின் பொதுவான உத்தி.

இதிலிருந்து தெரிவது, போக்கரில் திறமை என்பதன் பெரும்பகுதி பணத்தை அளந்து வைப்பதே. பணத்தை எடுத்துவிட்டால் ஆட்டம் பொருளிழக்கும். அதோடு, ‘சிறு தொகை’ என்ற பெயரும் ஏமாற்றும். கட்டாயப் பணயம் 2 ரூபாயாக உள்ள மேசைக்கு, வழக்கப்படி அதன் நூறு மடங்கான 200 ரூபாயோடு ஒருவர் அமர்ந்தால், ஒரே கையில் அத்தனையும் போகலாம். இணையத்தில் ஆட்டங்கள் விரைவாக நடப்பதால், இழப்பும் விரைவாகக் குவியும்.

இணைய ஆட்டத் தடைகள்

2020 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் தமிழக அரசு பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. தொடர்ந்து வந்த திருத்தச் சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று உயர் நீதிமன்றம் நீக்கியது. நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அதன்பின் இயற்றப்பட்ட மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். பேரவை 2023 மார்ச் 23 அன்று அதை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களாகப் பட்டியலிட்டதை நீக்கியது. நேரம், வயது போன்றவற்றை ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. இதன்படி 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன: 18 வயது நிரம்பாதோருக்குத் தடை, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆட்டம் இல்லை, செலவிடும் தொகைக்கு ஆடுபவரே நாள், வார, மாத வரம்பு வைக்க வழி. இவ்விதிகளை 2025 ஜூன் 3 அன்று நீதிமன்றம் ஏற்றது.

பல ஆண்டுகளாக ஓரத்தில் நின்ற ‘எவ்வளவு’ என்ற கேள்வி விதியாக எழுதப்பட்டது இங்கேதான். ஆனால் அடுத்த சில வாரங்களிலேயே நிலை மாறியது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நடுவண் அரசின் சட்டம், திறமையா வாய்ப்பா என்ற வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. 1888 முதல் சட்டம் பிரித்துப் பார்த்த இரண்டையும் இது ஒன்றாக்கியது. அளவோடு ஆடும் திறமை ஒருவரைக் காக்கும் என்ற வாதத்துக்கு அதில் இடமில்லை. அந்தத் திறமை இல்லாதவர் இழக்கும் தொகையே அதன் கவலை.