சட்டைப்பைத் துவக்கும் துரைமார் துண்டும்

பதுளையிலிருந்து பசறை வழியாக வரும் வீதி, லுணுகலையைத் தாண்டியதும் இரண்டு உலகங்களின் எல்லையில் இறங்கத் தொடங்கும். முதுகுப் பக்கம் மடுல்சீமை, ஹொப்டன், அடாவத்தை என்று தேயிலையும் றப்பருமாகத் தோட்டங்கள். முகத்துக்கு நேரே பிபிலை, மகாஓயா என்று சேனைக்காடும் வயலும். மேலேயிருந்து வெள்ளைக்காரனின் துவக்கு இறங்கிவந்தது. கீழேயிருந்து கண்டி இராச்சியத்தின் துவக்கு ஏறிவந்தது. இரண்டுக்கும் நடுவில் லயத்தில் கிடந்தவனிடம் மட்டும் ஒரு துவக்கும் இருக்கவில்லை. கோப்பிக்கு இலைத்துரு விழுந்த கதையைச் சென்ற வாரம் 1869ஆம் ஆண்டு மடுல்சீமைக் கல்லூலத் தோட்டத்தோடு நிறுத்தினோம். இந்த வாரம் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

கீழ்ப்பக்கத்துத் துவக்குத்தான் மூத்தது. சிங்களக் கொல்லர்கள் செய்த துவக்குகளைப் போர்த்துக்கேயரே மெச்சியிருக்கிறார்கள். வெள்ளியும் தந்தமும் பதித்த நீண்ட துவக்குகள் அவை. ஐரோப்பியத் துவக்கில் நெருப்புத்தட்டும் பொறி வலப்பக்கம் இருக்கும். இவற்றில் பலவற்றுக்கு இடப்பக்கம். இத்தகைய துவக்குகளும் வில்லம்புகளுமாகத்தான் 1817இல் ஊவாவும் வெல்லஸ்ஸையும் கிளர்ந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில், பதுளையின் பிரித்தானிய அதிகாரி வில்சன் பிபிலைப் பக்கத்துக் காட்டில் கொல்லப்பட்டது அம்பினால். துவக்குக்கு இவ்வளவு பேர்போன நாட்டில் முதல் அதிகாரியை வீழ்த்தியது அம்பு என்பதைச் சரித்திரப் பாடப்புத்தகங்கள் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை. அடக்கவென்று அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல கிளர்ச்சியோடு சேர்ந்துகொண்டார். 1818 நவம்பரில் போகம்பரையில் அவருடைய தலை வெட்டப்பட்டது. வெல்லஸ்ஸையின் வயல்கள் எரிந்தன, குளங்கள் உடைந்தன, வீட்டுத் துவக்குகள் பறிபோயின.

பறித்தவர்களின் துவக்கு எப்படிப்பட்டது என்பதற்குப் பதுளையிலேயே ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. 1857இல் கட்டி முடிந்த புனித மாற்கு தேவாலயம், மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் நினைவாக எழுந்தது. பதுளையில் அதிகாரியாக இருந்த இந்த மனுஷர் சுட்டுக்கொன்ற யானைகள் 1,400க்கு மேல் என்று அக்காலத்தில் எழுதிவைத்தார்கள். 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். யானைக்குப் பரிசுப்பணம் கொடுத்து ஆளும் அரசு இருந்த காலம் அது. அவர் ஊவாவுக்கு வீதி போட்டவர் என்பதும் உண்மைதான். ஆனாலும் ஆயிரத்து நானூறு யானை! வழிபாட்டுத்தலம் கட்டுவதற்கு இப்படியொரு காரணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த நாளைய யானைத் துவக்குகளை எடைபோட்டுப் பார்த்தால்தான், இந்த வாரத்துக் கதாநாயகனான டெரிஞ்சர் எனும் சட்டைப்பைத் துவக்கு எவ்வளவு சிறியது என்பது விளங்கும். நுவரெலியாவில் தங்கி வேட்டையாடிய சாமுவெல் பேக்கரின் பெரிய ரைபிள் 21 இறாத்தல். ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோ. தோட்டக்காவலுக்கு இன்றும் வைத்திருக்கும் சொட்கன்னை '12 போர்' என்கிறோமே, அந்தக் கணக்கும் அக்காலத்து ஈயக் குண்டிலிருந்து வந்ததுதான். ஓர் இறாத்தல் ஈயத்தில் ஒரேயளவு உருண்டைகள் 12 உருட்டினால், அதிலொன்று போகும் அளவு குழல் 12 போர். நான்கே உருண்டை என்றால் 4 போர், யானைக்கானது. எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். கைத்துப்பாக்கிகளுக்குப் பெரும்பாலும் இந்தக் கணக்கு இல்லை. அவற்றை அங்குலத்தின் நூறில் பங்காக அளந்தார்கள்: .22, .41, .44, .45.

ஹென்றி டெரிஞ்சர் என்பவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துத் துவக்குக் கொல்லர். 1786இல் பிறந்து 1868இல் இறந்தவர். அரசாங்கத்துக்கு ரைபிள் செய்து கொடுத்து வந்த அவருக்குப் பேர் வாங்கித் தந்தது, உள்ளங்கையில் மறையும் ஒற்றைச்சூட்டுப் பிஸ்டல். வாய்வழி மருந்தும் குண்டும் இட்டு, பின்னால் தொப்பி வைத்துச் சுடுவது. ஒரு சூடு போய்விட்டால் மறுபடி கெட்டிக்க வேண்டும். அதனால் இரண்டிரண்டாக விற்றார்கள். சூதாட்ட மேசைக்காரர்களும் பயணம் போகும் வியாபாரிகளும் பெண்களும்கூட வாங்கினார்கள். எதிரில் இருப்பவர் இரண்டு முழத் தூரத்துக்குள் இருந்தால்தான் இந்தப் பிஸ்டலை நம்பலாம். அதற்கப்பால் கல்லெறிவதே மேல்.

1865 ஏப்ரல் 14ஆம் திகதி இரவு, வாஷிங்டன் போர்ட்ஸ் நாடக அரங்கில் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் தலைக்குப் பின்னால் நின்று ஜோன் வில்க்ஸ் பூத் சுட்டது இந்தப் பிஸ்டலால்தான். .44 குழல், முழு நீளமே ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுட்டதும் பிஸ்டலை அங்கேயே போட்டுவிட்டுக் கத்தியை உருவினான், ஏனென்றால் இரண்டாவது சூடு கிடையாது. பிடிக்கப் பாய்ந்த மேஜர் ராத்போனுக்குக் கிடைத்தது கத்திக்குத்து. அந்தப் பிஸ்டலை அதே அரங்கின் அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டே ரெமிங்டன் கம்பனி இரட்டைக்குழல் டெரிஞ்சர் ஒன்றைச் சந்தைக்கு விட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல், ஒரே விசை. அடிக்கும் ஊசி ஒரு தடவை மேலே, மறு தடவை கீழே. மேற்புறக் கீலில் குழல்களைத் தூக்கித் தோட்டா போட வேண்டும். 1866 முதல் 1935 வரை, கிட்டத்தட்ட எழுபது வருஷம், இதைச் செய்து விற்றார்கள். எடை முந்நூறு கிராம் சொச்சம். குழல் .41. அந்தத் தோட்டாவின் வேகம் வினாடிக்கு 130 மீற்றர் அளவில்தான். ஒலி அதைவிட இரண்டரை மடங்கு வேகமாகப் போகும். வேகம் குறைவென்று ஆபத்தும் குறைவாகிவிடாது. வயிற்றில் புகுந்த ஈயத்தோடு காயம் சீழ்பிடித்தே பலர் செத்த காலம் அது.

இன்று அமெரிக்காவில் இதே உருவத்தில் .22 முதல் .45 வரை எல்லாக் குழலிலும் செய்கிறார்கள். .45 தோட்டாவும் .410 சொட்கன் தோட்டாவும் ஒரே குழலில் போகும் வகைகூட உண்டு. சுடுபவர்கள் சொல்லும் குறைகள் மட்டும் மாறவில்லை. கைப்பிடி சிறிது, தோட்டா பெரிது, ஆகவே உதை நேரே மணிக்கட்டில் இறங்கும். விசை இறுக்கம். குறிபார்க்கும் முனைக்கும் கண்ணுக்கும் நடுவே போதிய நீளம் இல்லை. பலவற்றில் விசையைச் சுற்றி வளையமும் கிடையாது. கீழே விழுந்தால் வெடிக்குமோ என்ற பயம் பழைய மாதிரிகளைப் பற்றி எப்போதுமே இருந்தது. வைத்திருக்க இலகு, சுடச் சிரமம் என்பதுதான் இந்த வகைப் பிஸ்டலின் இலட்சணம்.

பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் சட்டைப்பைக்கு டெரிஞ்சரைவிட அதிகம் போனது வெப்லி கம்பனியின் 'புல்டோக்' ரிவோல்வர். 1872இல் வந்தது. குட்டைக் குழல், ஐந்து சூடு. இந்தியாவில் யானை அம்பாரியில் ஏறிப் புலிவேட்டைக்குப் போனவர்கள் இடுப்பில் செருகிய இரட்டைக்குழல் பிஸ்டல் வேறு இருந்தது. டெரிஞ்சருக்கு அண்ணன் முறை என்று சொல்லலாம், ஆனால் பருமன் பல மடங்கு. அம்பாரியில் தாவி ஏறும் புலியை முகத்துக்கு நேரே சுடுவதற்கானது. 1900க்குப் பின் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல் வந்து இவை எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. 1911 ஜூன் 17ஆம் திகதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்துப் பிரௌனிங்கால்தான்.

ஊவாத் தோட்டத்துரைமாருக்குச் சட்டைப்பைப் பிஸ்டல் தேவைப்பட்டதா? என் எண்ணத்தில், அவர்கள் பையில் இருந்த கடதாசி பிஸ்டலைவிட வலியது. லிங்கன் சுடப்பட்ட அதே 1865ஆம் ஆண்டுதான் இலங்கையில் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் வந்தது. முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டு ஓடினால் மறியல். சிவில் ஒப்பந்தத்தை மீறியதற்குக் குற்றவியல் தண்டனை! அதற்கு மேலே துண்டு. கங்காணிக்கும் அவன் ஆட்களுக்கும் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவிப்பேன் என்று ஒரு தொரை எழுதித் தரும் சிறு தாள். அது இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. ஒரு தோட்டம் மற்றத் தோட்டத்திடம் கடனைக் கொடுத்து ஆட்களை வாங்கும், கடன் ஆட்களின் தலையிலேயே நிற்கும். துண்டு முறையை ஒழித்தது 1921இல். ஒரே சூட்டோடு வெறுமையாகும் பிஸ்டலை, தலைமுறைக்கும் சுடும் இந்தத் தாளோடு ஒப்பிட்டால் டெரிஞ்சர் விளையாட்டுச் சாமான்.

துரைமார் கையில் துவக்கு வேறு வழியிலும் வந்தது. 1900இல் ஐரோப்பியத் தோட்டக்காரருக்கென்றே தோட்டக்காரர் ரைபிள் படை உருவாயிற்று. கண்டிதான் தலைமையகம். முதல் உலகப் போரில் எகிப்துக்கும் கலிப்பொலிக்கும் போனார்கள். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தில் இராணுவச் சட்டம் வந்தபோது, தேயிலைக் கணக்குப் பார்த்த கைகள் ரைபிளோடு ஊர்களுக்குள் வந்தன. அந்த நாட்களின் சுடுதல்கள் பற்றிய முறைப்பாடுகள் லண்டன்வரை போயின. அடுத்த ஆண்டு, 1916இல், 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் வந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்கக்கூடாது, பத்திரத்தை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இன்றைய சட்டத்துக்கும் அதுவே அடிமரம். ரைபிள் படை 1949வரை இருந்தது.

லயத்தவர்கள் துவக்கைக் கையில் எடுத்ததாக நான் அறிந்த ஒரே சந்தர்ப்பம் 1940. அதை எடுத்தது சுடுவதற்கு அல்ல.

அந்த ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வுக்காக வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு முன் அவருடைய மனைவிக்காகத் தோன்றியவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. விவகாரம் தேசாதிபதி கால்டெகொட்டுக்கும் மந்திரிமாருக்கும் மோதலாக முற்றி, மந்திரிகள் இராஜினாமாச் செய்யும் அளவுக்குப் போயிற்று. வேலைநிறுத்த அலை அப்படியே ஊவாவுக்குள் நகர்ந்தது. மே மாதம் பதுளையில் சமசமாஜக் கட்சி பெருங்கூட்டம் நடத்தியது, கொல்வின் அங்கும் பேசினார்.

பதுளை வெவெஸ்ஸத் தோட்டத்தில் ஆட்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்துகொண்டே நடப்பதற்குத் தொரை ஒத்துக்கொண்டார். பெரிய கங்காணி சொல்லே வேதமாக இருந்த மலையில் இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒழுங்கை நிலைநாட்ட ஆயுதத்தோடு ஒரு பொலிஸ் குழு போனது. ஆட்கள் அவர்களைச் சூழ்ந்து, துவக்குகளைப் பறித்துவிட்டார்கள். கையில் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பழகிய கூட்டத்துக்கு, முல்லோயாவில் கோவிந்தனுக்கு நேர்ந்தது தெரியாமல் இருந்திருக்காது. பிறகு வந்தது பெருவெள்ளம். ஒரு வாரத்துக்கு மேல் ஊவா மற்றப் பகுதிகளோடு தொடர்பற்றுக் கிடந்தது. வெளியிலிருந்து பேச்சாளரும் செய்தியாளரும் எட்டிப்பார்க்க முடியாத அந்த நாட்களில் பொலிஸ் அடக்குமுறை புகுந்து வேலைநிறுத்தத்தை முறித்தது.

அதன்பின் ஊவாவில் துவக்குச் சத்தம் பெரிதாகக் கேட்டது 1971 ஏப்ரல் 5 விடியற்காலை. வெல்லவாய பொலிஸ் நிலையத்தை ஜே.வி.பி. இளைஞர் தாக்கினார்கள். இரண்டு கான்ஸ்டபிள்மார் இறந்தனர். மற்ற இடங்களோடு சேர்த்து இரவில் தொடங்க வேண்டிய தாக்குதல், இங்கு மட்டும் முந்திக்கொண்டது. அவர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் வீடுகளில் திரட்டிய சொட்கன்களும் கைக்குண்டுகளும்.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். பயிர்க்காவலுக்கான சொட்கன்னுக்கு மாவட்டச் செயலகம் அனுமதி தரும். பிஸ்டல், ரிவோல்வர் என்றால் பாதுகாப்பு அமைச்சு. டெரிஞ்சரை ஆசைக்கு வாங்கி வைத்துக்கொள்ளும் வழி இந்த நாட்டில் இல்லையென்றே சொல்லலாம். சுயபாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளைக்கூட மீளாய்வுக்காக ஒப்படைக்கச் சொல்லி 2024 இறுதியில் அமைச்சு அறிவித்தது.

சட்டத்துக்கு வெளியே இருப்பதோ கட்டுத்துவக்கு. லுணுகலைக்குக் கீழேயுள்ள சேனைப் பக்கத்திலும், தோட்டங்களின் காட்டோரத்திலும் பன்றிக்கும் மரைக்கும் கட்டுவது. வாய்வழி கெட்டித்த ஒற்றைச்சூடு. பிலடெல்பியாக் கொல்லர் செய்ததும் அடிப்படையில் இதே வகைதான். ஆனால் டெரிஞ்சருக்குப் பின்னால் ஒரு கை இருந்தது. சுட்டவன் யாரென்று தெரிந்தது. இதற்குப் பின்னால் யாரும் இல்லை. கட்டியவன் வீட்டில் தூங்குவான். விறகுக்குப் போனவரோ மாடு தேடிப் போனவரோ கயிற்றில் தட்டுப்பட்டால், முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கும். ஆஸ்பத்திரிகளுக்கு வரும் கட்டுத்துவக்குக் காயங்களில் கால் காயமே அதிகம் என்பது சத்திரசிகிச்சை வைத்தியர்கள் பல தடவை எழுதியிருக்கும் விஷயம். இரத்தம் ஓடிக்கொண்டிருக்க, தோட்டப் பாதையில் லொறியோ முச்சக்கர வண்டியோ பிடித்துப் பதுளைக்குப் போய்ச் சேர வேண்டும். வனசீவராசிகள் சட்டமும் சுடுகலன்கள் சட்டமும் இரண்டுமே கட்டுத்துவக்கைத் தடுக்கின்றன.

லயத்துக்குப் பின்னால் மரவள்ளியும் போஞ்சியும் வைத்திருக்கிற குடும்பத்துக்கும் பன்றித் தொல்லை உண்டு. பயிர்க்காவல் துவக்குக்கு விண்ணப்பிக்கப் பயிர்நிலம் தன்னுடையது என்று காட்ட வேண்டும். அந்தப் பாத்தி தோட்டத்தின் காணி. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் நடந்து தோட்டங்கள் அரசின் கைக்கு மாறியபோதும், 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோதும், அந்தப் பாத்தி யாருடையது என்ற கேள்வியை ஒருவரும் லயத்தில் வந்து கேட்கவில்லை. அந்தக் காணிக் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)