மூணாறு தொலைத்ததும் அமிர்தசரஸ் மீட்டதும்

மூணாறில் ரயில் ஓடியது என்று சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. அதிலும் முதலில் ஓடியது, ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்த வண்டி.

1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில், கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களுக்காகப் போட்ட பாதை அது. யூயிங் முறை என்பார்கள். வண்டியின் ஒரு பக்கத்துச் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில் உருளும். மறுபக்கத்துப் பெரிய சக்கரம் வெறுந்தரையில் ஓடி, வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். பாரத்தில் பெரும்பகுதி இரும்பின் மேல் இறங்கிவிடுவதால் மாட்டுக்கு இழுவை லேசு. டாப் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்த தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறங்கின, அங்கிருந்து போடிநாயக்கனூர்.

1924 ஜூலை வெள்ளம் மூணாறைப் புரட்டிப்போட்டது. மோனோ ரயிலும் அதில்தான் போயிற்று என்று சிலர் சொல்வதுண்டு. அந்தப் பழியை வெள்ளத்தின் தலையில் கட்ட முடியாது. 1908-லேயே அதைக் கழற்றிவிட்டு, இரண்டடி அகல நேரோகேஜ் பாதை போட்டு நீராவி எஞ்சின் விட்டாயிற்று. வெள்ளம் கொண்டுபோனது அந்த இரண்டாவது ரயிலை. நல்லதண்ணி எஸ்டேட் தேயிலை அருங்காட்சியகத்தில் இருக்கும் எஞ்சின் சக்கரம் அதன் மிச்சம்.

அதே யூயிங் முறையில் பஞ்சாபின் பாட்டியாலா சமஸ்தானமும் 1907-ல் ஒரு பாதை திறந்தது. கோவேறு கழுதைகளும் மாடுகளும் இழுத்தன. பெர்லினின் ஓரன்ஸ்டைன் அண்ட் கொப்பல் கம்பெனியிலிருந்து நான்கு நீராவி எஞ்சின்களும் வந்தன. மோட்டார் வண்டிகளும் நல்ல சாலைகளும் பெருக, 1927-ல் மூடிவிட்டார்கள். மூணாறுபோல வேறு பாதைக்கு இடம்விட வேண்டியிருக்கவில்லை என்பதால், சாமான்கள் சமஸ்தானத்துப் பொதுப்பணித்துறைக் கொட்டகையில் அப்படியே கிடந்து துருவேறின. கேட்பாரற்றுக் கிடந்ததே அவற்றுக்கு நல்லதாகிவிட்டது.

1962-ல் அவற்றைக் கண்டுபிடித்தவர் மைக் சேட்டோ என்ற ஆங்கிலேயர். பிழைப்புக்கு ஐ.சி.ஐ. கம்பெனி உத்தியோகம்; பித்து, ரயில் மேல். டெல்லி ரயில் அருங்காட்சியகத்துக்குக் கௌரவ ஆலோசகராக இருந்து, காயலான் கடைக்குப் போகவேண்டிய எத்தனையோ எஞ்சின்களைத் தேடிப்பிடித்தவர். பாட்டியாலா எஞ்சின் ஒன்றை வடக்கு ரயில்வேயின் அமிர்தசரஸ் பணிமனைத் தொழிலாளர்கள் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். பயணிகள் பெட்டிதான் சிக்கல். மரவேலை எல்லாம் போய்விட்டிருந்தது. கிடைத்த பழைய அடிச்சட்டத்தின் மேல், தலைமைப் பொறியாளர் பாதையைப் பார்வையிடப் போகும் பெட்டியைப் புதிதாகவே கட்டினார்கள். இரண்டும் இன்று டெல்லியில் இருக்கின்றன. தப்பிய இன்னோர் எஞ்சினை அமிர்தசரஸ் பணிமனை தன்னிடமே வைத்துக்கொண்டது.