வியாழனில் கரைந்த வால்மீன்

வால்மீன் என்றால் சூரியனைச் சுற்றிவருவது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்மீனோ வியாழனைச் சுற்றியது. ஒரு காலத்தில் அதுவும் சூரியனைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. பயணத்தின் நடுவில் வியாழனின் ஈர்ப்பில் சிக்கியது. சில பத்தாண்டுகளாவது, ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு சுற்று என்று அந்தப் பெருங்கோளைச் சுற்றிக்கொண்டிருந்தது. பனியும் தூசியுமான சிறிய, மங்கலான உடல். பூமியில் யார் கண்ணிலும் படவில்லை.

1992 ஜூலை 7 அன்று வியாழனின் மேகங்களுக்கு மேல் சுமார் 40,000 கிலோமீட்டர் வரை நெருங்கியது. அவ்வளவு அருகில், கோளை நோக்கிய பக்கத்தின் மீது ஈர்ப்பு அதிகம், மறுபக்கத்தின் மீது குறைவு. இறுக்கமில்லாமல் சேர்ந்திருந்த அந்த உடல் இந்த வேறுபாட்டைத் தாங்காமல் உடைந்தது. உள்ளிருந்த தூசி வெளியே பரவி வெயிலில் ஒளிர்ந்தது. உடைந்ததால்தான் அது நம் கண்ணுக்குத் தெரிந்தது.

1993 மார்ச் 23 இரவு. கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் 46 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியோடு யூஜின் ஷூமேக்கர், அவர் மனைவி கரோலின், டேவிட் லெவி ஆகியோர் வானத்தைப் படமெடுக்கக் காத்திருந்தார்கள். பிலிம் பெட்டியை யாரோ திறந்துவிட்டதில் வெளிச்சம் பட்டு, பிலிம்களின் ஓரங்கள் கெட்டிருந்தன. வானத்திலும் மேகம். நல்ல பிலிமை வீணாக்க மனமில்லாமல், கெட்ட பிலிம்களையே மாட்டி, மேகம் விலகிய நேரங்களில் படமெடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கரோலின் அவற்றை ஆராய்ந்தார். வானத்தின் ஒரே பகுதியைச் சற்று நேரம் விட்டு எடுத்த இரண்டு படங்களை, இரு கண்ணாலும் பார்க்கும் நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். இடையில் நகர்ந்த பொருள் மட்டும் விண்மீன்களிலிருந்து பிரிந்து மிதப்பதாகத் தெரியும். அன்று மிதந்தது நசுங்கிய வால்மீன் போன்ற ஒரு கோடு. ஐம்பது வயதை ஒட்டி வானியலுக்கு வந்து, 32 வால்மீன்களைக் கண்டறிந்த கண்கள் அவருடையவை. அந்தக் கோட்டை அவை தவறவிடவில்லை.

அரிசோனாவின் கிட் பீக் வானாய்வகத்தில் வானியலாளர் ஜிம் ஸ்காட்டி தொலைநோக்கியைத் திருப்பி உறுதிசெய்தார். பெரிய தொலைநோக்கிகளில் அந்தக் கோடு முத்துச்சரமாகப் பிரிந்து தெரிந்தது. இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள்! 'ஏ' முதல் 'டபிள்யூ' வரை எழுத்துகளால் பெயரிட்டார்கள். மே மாதத்தில் வானியலாளர் பிரையன் மார்ஸ்டனின் பாதைக் கணக்கு வெளியானது: அடுத்த ஆண்டு ஜூலையில் துண்டுகள் வியாழன் மீது மோதும். விண்ணில் நிகழவிருக்கும் மோதலை மனிதர்கள் முன்கூட்டியே அறிந்து காத்திருந்தது அதுவே முதல்முறை.

1994 ஜூலை 16 முதல் 22 வரை, நொடிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. விழுந்த இடம் வியாழனின் மறுபக்கம், நமக்குத் தெரியும் விளிம்புக்குச் சற்று அப்பால். வியாழனை நோக்கிப் பயணத்தில் இருந்த கலிலியோ விண்கலத்துக்கு அது நேராகத் தெரிந்தது. விளிம்புக்கு மேல் சுமார் 3,000 கிலோமீட்டர் எழும்பிய பிழம்புகளை ஹபிள் தொலைநோக்கி படமெடுத்தது. பத்து மணி நேரத்தில் ஒரு சுற்று சுழலும் கோள் என்பதால், மோதிய இடங்கள் சில நிமிடங்களிலேயே நம் பக்கம் திரும்பின. 'ஜி' துண்டு விட்ட கரிய தழும்பு பூமியின் குறுக்களவுக்கு நிகரானது. வீட்டு மொட்டைமாடியில் வைக்கும் சிறிய தொலைநோக்கியிலும் தழும்புகள் தெரிந்தன. மறையப் பல மாதங்கள் ஆயின.

வால்மீனின் தண்ணீர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வியாழனின் மேல் வளிமண்டலத்தில் உள்ள நீராவியில் ஏறக்குறைய முழுவதும் அந்த மோதல்களில் வந்தது என்று ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கியின் அளவீடுகள் 2013இல் காட்டின. மோதல் நடந்த தென்பாதியில்தான் அந்த நீராவி கூடுதல்.

யூஜின் ஷூமேக்கர் நிலவியல் அறிஞர். அரிசோனாவின் பெரும்பள்ளம் விண்கல் விழுந்து உண்டானது என்று நிறுவியவர். இத்தகைய மோதல்கள் என்றோ முடிந்துபோன கதையல்ல என்பதை 1994 ஜூலையில் உலகமே பார்த்தது. 1998இல் நாசா, பூமிக்கு அருகில் வரும் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பொருள்களில் 90 விழுக்காட்டைப் பத்தாண்டுக்குள் கண்டறிய இலக்கு வைத்தது. அந்தத் தேடல் இன்று மேலும் சிறிய பொருள்களை நாடிச் செல்கிறது. அது ஒருபோதும் நிற்கக் கூடாது. சில பத்தாண்டுகள் யாருக்கும் தெரியாமல் ஒரு வால்மீன் வியாழனைச் சுற்றியிருக்கிறது. பூமியை நோக்கி வருவதை நாம் அப்படித் தெரியாமல் விட்டுவிட முடியாது.