பகா எண்ணும் களத்துமேடும்

குற்றாலத்திலிருந்து இறங்கும் சிற்றாறு தென்காசிப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. அங்கே களத்துமேட்டில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார்கள். சிறுபிள்ளையில் அப்படி எண்ணப்போய், “ஏலே, ஒண்ணுங்காத, லாபம்னு சொல்லு” என்று அதட்டு வாங்கியிருக்கிறேன். பிறகு பள்ளிக்கூடத்தில் ஒன்று பகு எண்ணும் அல்ல, பகா எண்ணும் அல்ல என்று படித்தபோது, சரிதான், ஒன்றுக்கு இங்கேயும் தனி மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாம் மனப்பாடம் செய்து மறந்துபோன இந்தச் சொற்களுக்கு ஒரு வரலாறு உண்டு. பகுபதம், பகாப்பதம் என்பது 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் உள்ள பாகுபாடு. உறுப்புகளாகப் பிரிக்க முடியாத சொல் பகாப்பதம். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாத, ஒன்றைவிடப் பெரிய எண் பகா எண். இலக்கணத்தின் அச்சிலேயே கணக்கின் சொல்லும் வார்க்கப்பட்டிருக்கிறது. பகிர், பகுதி எல்லாம் இந்தப் ‘பகு’வின் உறவுக்காரர்கள். வகுத்துக் கிடைப்பது ஈவு, அதாவது கொடுக்கப்படுவது. இவை பங்குபோடுகிறவர்களின் சொற்கள். பங்குபோட்டது யார் என்பதுதான் கேள்வி.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஓதிய பிள்ளைகளுக்கு மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320. காணி நிலத்துக்கும் பெயர், நிலத்தின் பரம்பரை உரிமைக்கும் பெயர். ஆக, பின்னம் படிப்பதே உடைமையைப் படிப்பதாகவும் இருந்தது. அறுத்தவர்களின் பிள்ளைகள் பலருக்கு அந்தத் திண்ணை எட்டாத உயரம். நம் கணிதப் பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

320இன் பகாக் காரணிகள் 2, 5 இரண்டே. பாதி, கால், அரைக்கால் என்று வெட்டிக்கொண்டே போகலாம். மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 106 முந்திரி, மீதி 2. கீழ்முந்திரிவரை இறங்கினாலும் மீதி தீராது. ஆனால் திருநெல்வேலிச் சீமையின் கோட்டை 21 மரக்கால். 3 × 7. மூன்றில் ஒரு பங்கு சரியாக ஏழு மரக்கால். பாதியாக்கினால்தான் பத்தரை என்று இடறும். ஏட்டில் பிடிபடாத பங்கு மரக்காலில் பிடிபட்டுவிடுகிறது.

1934இல் திருநெல்வேலியில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், 1936இல் விபுலானந்தர் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூட்டி, 1938இல் கலைச்சொற்கள் தொகுதியை வெளியிட்டது. 1940இல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசு குழு அமைத்தபோது வடமொழியா தமிழா என்று பெரும் சண்டை. நியாயமான சண்டைதான். ஆனால் அது சொல்லின் வேரைப் பற்றியது. சொல் நின்ற களத்தைப் பற்றியது அல்ல. காரணம் என்ற வடசொல்வழி வந்த காரணியும் தமிழ்ப் பகா எண்ணும் இன்று ஒரே பாடத்தில் சமாதானமாக இருக்கின்றன. 1957இல் தசம நாணயமும் தொடர்ந்து மெட்ரிக் அளவுகளும் வந்தபின் மரக்காலும் காணியும் பாடத்தைவிட்டு வெளியேறின. அதோடு மேல்வாரம், குடிவாரம் என்ற பங்குச் சண்டையின் நினைவும் வெளியேறிவிட்டது.

பழைய வாய்ப்பாட்டைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அது போனது நல்லதுக்குத்தான். 21 ஏன் மூன்றாகப் பகும், இரண்டாகப் பகாது என்று ஒரு கூலிக்காரர் பிள்ளை கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அந்தப் பங்கில் எங்க தாத்தாவுக்கு எத்தனை மரக்கால் என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு வாத்தியாரிடம் பதில் இருக்கிறது.