ரெம்பாவிற் குடிபுகுந்தோர்

பட்டணத்து இரைச்சலும் வாடகையும் பொறாது, மலையும் ஆறும் சிறு கடைத்தெருக்களும் உள்ள நாட்டுப்புறத்துக்குக் குடிபோக விரும்புவோர் இக்காலத்திற் பலர். நெகிரி செம்பிலானில் அத்தகையோர் கண்வைக்கும் இடங்களுள் ரெம்பாவும் ஒன்று. விடுமுறை நாட்களில் இளைஞர் கூட்டங்கூட்டமாய் வந்து, ஏறத்தாழ 880 மீட்டர் உயரமுள்ள குனோங் டத்தோ மலையில் ஏறுகின்றனர். பெடாஸ் வெந்நீரூற்றில் நீராடுகின்றனர். மாலையில் வந்த வழியே திரும்புகின்றனர். இங்கேயே ஒரு வீடு வாங்கினாலென்ன என்று வினவுவோரும் உளர். அவர்கட்கு இம்மாவட்டத்தின் சரித்திரத்திற் சிறிது சொல்ல விரும்புகிறோம். மலையும் காற்றும் எக்காலத்தும் இங்கிருந்தன. ஆயினும் இங்கு வந்தோரெல்லாம் குடியேறினவர் ஆகிவிடவில்லை.

நமக்கு முன்னே வந்தோர் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள். பதினைந்தாம் நூற்றாண்டு முதலாகக் கடல் கடந்து வந்து, ஆற்றோரங்களைத் திருத்திக் கழனியாக்கினர். 1773-ல் தாயகத்தினின்று ராஜா மெலேவாரை வருவித்துத் தலைவராக்கினர். அவரது சமாதி ரெம்பாவைச் சேர்ந்த அஸ்தானா ராஜாவில் இன்றும் உளது. இவர்தம் ‘அடாட் பெர்ப்பாத்தே’ வழக்கின்படி குலத்து நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளைச் சேரும். மணம்புரிந்த ஆடவன் மனைவி வீடு சென்று வாழ்வான். 1909-ல் ஆங்கில ஆட்சியிலேயே இவ்வழக்கு சட்டமாயிற்று. குலநிலம் பெண்கள் பெயரிற் பதிவாயிற்று. குலத்துக்குப் புறம்பானவர்க்கு அதை விற்கலாகாது. ஆடவன் பொருள்தேடி எங்கு அலைந்தாலும், குடும்பத்தின் அடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டுமென 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தபொழுது, தமிழர் பலர்க்கு அது விபரீதமாய்த் தோன்றிற்று. தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் வர 1989 ஆயிற்று. நமது தோட்டங்கட்குக் கூப்பிடு தூரத்திலிருந்த கம்பத்திலோ அது பாட்டி காலத்துச் சமாசாரம்! பக்கத்திலே இருந்தும் நம்மவர் அதைப் பார்த்தாரில்லை.

நம்மவர் வந்த வழி வேறு. 1896-ல் அண்டையிலுள்ள மலாக்காவில் டான் சே யான் என்பார் வியாபார முறையில் இரப்பர் பயிரிடத் தொடங்கினார். சில ஆண்டுகளில் நெகிரி செம்பிலானின் காடுகளும் பால்மரக் காடுகளாயின. 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, முதலாளிமார் செலுத்திய வரியால் கப்பற் செலவு கழிந்தது. 1910-ல் சஞ்சிக்கூலி முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறை ஓங்கிற்று. ஊருக்கு வந்த கங்காணி, ஆள் சேர்த்துக் கப்பலேற்றினான். கூலியும், இருக்க லயத்தில் ஓர் அறையும் உண்டு என்றான். அது பொய்யன்று. ஆனால் வேலை உள்ளவரைதான் அறை என்பதை விரித்துச் சொல்ல அவனுக்கு அவசியமில்லை.

கிராணியாகிய நாம் செக்ரோல் எழுதிப் பழகியவர். ஆளின் பெயர், வேலை செய்த நாள், சம்பளம், பிடித்தம் ஆகிய யாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. இவன் இவ்வீட்டுக்குரியவன் என்றெழுத ஒரு கட்டமும் இல்லை. இரப்பர் விலை வீழ்ந்த 1930 முதல் 1932 வரை, மலாயாவினின்று லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலை போயிற்று, உடனே கூரையும் போயிற்று. 1950-களில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தோட்டங்களைத் துண்டாடி விற்றபோதும் இதே கதை. 1960-ல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறு பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். அரிய முயற்சி, எனினும் அதனால் எல்லாத் தோட்டத்தையும் காக்க இயலவில்லை. அறுபது வயதிற் பால்வாளியைக் கீழே வைத்தவர், லயத்துச் சாவியையும் உடன் வைக்கவேண்டியவராயிருந்தார்.

திறந்தவெளி இன்பம் நம்மவர்க்கு இல்லாமலில்லை. ஞாயிறு மாலையில் தோட்டத்துத் திடலிற் பந்தாட்டம் நிகழும். (அதற்கப்பால் கள்ளுக்கடையும் இருந்தது, அதைக் கேளிக்கையென எழுத நமக்கு மனமில்லை.) நாள்தோறும் விடியுமுன் மேடேறி மரம் வெட்டியவனுக்கு, விடுமுறையில் மலையேறுவது வேடிக்கையாகத் தோன்றியிராது.

2013-ல் சிரம்பானுக்கும் கிம்மாசுக்கும் இடையே இரட்டை மின்சார ரயிற்பாதை முற்றுப்பெற்றது. ரெம்பாவிலிருந்து பட்டணம் போய்வருதல் எளிதாயிற்று. பால்மரம் நின்ற இடங்களிற் செம்பனை நிற்கின்றது. தோட்ட வேலையில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் மிகுந்துள்ளனர். அவர்கட்கும் வேலை உள்ளவரைதான் அறை.

வீடு வாங்க வருவோர், மலையழகைப் பார்க்குமுன் மாவட்ட நில அலுவலகத்துக்குச் செல்க. வழக்குநிலமா, 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தோன்றிய மலாய் ஒதுக்கு நிலமா, தடையற்ற நிலமா என்று பத்திரத்தைப் பார்த்தறிக. முதலிரண்டும் நமக்குக் கிட்டா. மூன்றாவதாயின், ஒன்றுக்கு மேற்பட்டோர் பெயரில் நிலம் பதிவு செய்ய 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் இடந்தருகின்றது. மனைவியின் பெயரையும் அப்பொழுதே சேர்த்தெழுதுக.