கரி ஓடிய ஆற்றில் ட்ரவுட் மீன்: வேல்ஸின் டாஃப் நதி மீண்டது எப்படி?

தூண்டிலில் புழு கிடையாது. பிடிச்ச மீனும் பெரும்பாலும் வீட்டுக்குப் போகாது. அப்புறம் எதுக்கு இந்த மீன்பிடி? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், டாஃப் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர்களைப் பார்த்தால் இந்தக் கேள்வி வரும். பதில் அந்த ஆற்றின் கதையில் இருக்கிறது.

ஆறு கறுத்தது ஏன்?

பிரெக்கன் பீக்கன்ஸ் மலையில் பிறக்கும் டாஃப், மெர்த்திர் டிட்வில் வழியாக ஓடி கார்டிஃபில் கடலைச் சேர்கிறது. வழியெல்லாம் இரும்பு ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் இருந்தன. நிலக்கரி கழுவிய தண்ணீர், ஆலைக் கழிவு, ஊர்ச் சாக்கடை எல்லாம் நேரா ஆற்றுக்குத்தான். கரித்தூள் படிந்து, ட்ரவுட் முட்டையிடும் கூழாங்கல் இடுக்குகளே அடைபட்டன.

மீண்டது எப்படி?

1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்ற பிறகு, சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. கழிவுநீர்க் கட்டுப்பாடுகளும் இறுகின. தடுப்பணைகளில் மீன்கள் ஏறிச்செல்லத் தனி வழிகள் அமைக்கப்பட்டன. இதில் ஒரு கசப்பும் உண்டு: பல குடும்பங்கள் வேலையை இழந்த அதே காலத்தில்தான் ஆறு தெளிஞ்சது.

இந்த இரண்டு மீன்கள் ஏன் முக்கியம்?

ட்ரவுட், கிரேலிங் இரண்டுமே சால்மன் குடும்பம். குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த சுத்தமான தண்ணீர் இல்லாவிட்டால் தாங்காது. அதனால் இவை இருப்பதே ஆற்றுக்கு நற்சான்றிதழ். கிரேலிங்கை, பாய் விரித்ததுபோன்ற முதுகுத் துடுப்பை வைத்து அடையாளம் காணலாம். ட்ரவுட் நமக்கும் புதுசில்லை. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி ஓடைகளில் விடப்பட்ட மீன்தான் இது.

ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன?

இறகு, முடி, நூல் ஆகியவற்றைத் தூண்டில் முள்ளில் சுற்றி, பூச்சி மாதிரி செய்வார்கள். அதற்கு எடையே இருக்காது. அதனால் கனமான தூண்டில் கயிற்றைச் சுழற்றித்தான் வீச வேண்டும். மார்ச் முதல் செப்டம்பர் வரை ட்ரவுட் சீசன், குளிர்காலத்தில் கிரேலிங். எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளைப் பலரும் பயன்படுத்துவதால், மீனை அதிகக் காயமில்லாமல் திரும்ப விட முடிகிறது.

ஆபத்து போயிடுச்சா?

இல்லை. 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயல் மழையில், டைலர்ஸ்டவுனில் பழைய நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளத்தாக்கில் விழுந்தது. அங்கே ஓடும் ரோண்டா ஃபாக் ஆற்றின் தண்ணீர் கடைசியில் டாஃபில்தான் கலக்கிறது. கனமழையில் நிரம்பி வழியும் சாக்கடையும் பிரிட்டன் ஆறுகளுக்குத் தொடரும் தலைவலி.

இதனால் பிரிட்டனில் தூண்டில்காரர்களே காவலர்களாகவும் இருக்கிறார்கள். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், ஆற்றடியைக் காலால் கிளறி, வலையில் சிக்கும் பூச்சிகளை எண்ணுவார்கள். எண்ணிக்கை சட்டென்று குறைந்தால், எங்கோ கழிவு கலந்திருக்கலாம் என்று அதிகாரிகளுக்குத் தகவல் போகும். மீன் செத்து மிதக்கிற வரை காத்திருக்கத் தேவையில்லை.